கடைசியில் வருகிறவனுக்காகக் காத்திருக்கும் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை மணி 7. லுக்குட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை. வாசலில் சிரம்பானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த ஏழெட்டு கார்கள், அவற்றின் பின்னால் மாட்டிய மலை மிதிவண்டிகள். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடிந்ததும் இருபது பேர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு தார்ச்சாலையை விட்டு விலகி, செம்மண் பாதை வழியே தோட்டத்துக்குள் நுழையத் தயாராகிறார்கள். சீனர்கள், மலாய்க்காரர்கள், இரண்டொரு இந்தியர்கள். அந்த இரண்டொருவரில் நானும் ஒருவன்.

பக்கத்து மேசையில் நம் பையன்கள் நான்கு பேர். படிவம் 4, படிவம் 5 படிக்கும் வயது. வாசலில் அவர்களுடைய இரண்டு மோட்டார் சைக்கிள்கள். எங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் கேட்டான்:

"அண்ணே, உள்ள போய் என்னதான் பாக்கறீங்க? வெறும் செம்பனைதானே இருக்கு?"

"உங்க தாத்தா எங்க வேலை செஞ்சார் தம்பி?" என்று கேட்டேன்.

அவன் கையை நீட்டித் தோட்டத்தைக் காட்டினான். "அங்கதான். ரப்பர் காலத்துல பால் மரம் வெட்டுனாராம். நான் உள்ள போனதே இல்ல."

அந்தப் பதில் அன்று முழுக்க என்னை விடவில்லை. தாத்தா விடியற்காலையில் நடந்த பாதையில், பெட்ரோல் செலவு செய்துகொண்டு எங்கிருந்தோ வந்தவர்கள் மிதிவண்டி ஓட்டுகிறார்கள். பேரன் கடை வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான். இதில் அவன் தவறு ஒன்றும் இல்லை. அவனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, அவ்வளவுதான். நாம்தான் கூப்பிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். உடற்பயிற்சி அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்

குழுவாக மலை மிதிவண்டி ஓட்டுவது என்றால் பலரும் பந்தயம் என்று நினைத்துவிடுகிறார்கள். பந்தயத்தில் முதலில் வருகிறவனுக்கு மரியாதை. குழுப் பயணத்தில் முதல் மரியாதை கடைசியில் வருகிறவனுக்கு.

ஒழுங்காக நடக்கும் எந்த மன்றத்தின் பயணத்திலும் நடைமுறை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். புறப்படும் முன் பெயர் பதிவு, தலை எண்ணிக்கை. பிறகு ஐந்து நிமிட விளக்கம்: இன்று எத்தனை கிலோமீட்டர், எங்கே ஏற்றம், எங்கே வழுக்கும், எந்த இடத்தில் தோட்டத்து லாரி வரும். பாதை தெரிந்த ஒருவர் முன்னால் போவார். அனுபவம் உள்ள இன்னொருவர் கடைசியில் வருவார். இவரை ஸ்வீப்பர் என்பார்கள். கூட்டத்தின் வாலைக் காப்பது இவர் வேலை. டியூப் பஞ்சரானாலும், சங்கிலி அறுந்தாலும், ஒருவருக்கு மூச்சு முட்டினாலும் ஸ்வீப்பர் அவரோடு நிற்பார். அவரைத் தாண்டி யாரும் பின்னால் இருக்கக்கூடாது.

பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் போனவர்கள் நிற்க வேண்டும். எல்லாரும் வந்து சேர்ந்து, எண்ணிக்கை சரியான பிறகே அடுத்த கட்டம். இதில் எழுதப்படாத மரியாதை ஒன்றும் உண்டு. கடைசி ஆள் வந்து சேர்ந்த அந்த நொடியே கிளம்பிவிடக்கூடாது. முன்னால் வந்தவன் பத்து நிமிடம் ஓய்வெடுத்திருப்பான். கடைசியில் வந்தவனுக்கும் தண்ணீர் குடித்து மூச்சு வாங்க நேரம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவனுக்கே ஓய்வு கிடைக்காமல் போகும்.

என் முதல் பயணத்தில் நான்தான் கடைசி. இரண்டாவது ஏற்றத்திலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டேன். ஒரு செம்பனை மட்டை முள் டயரைப் பதம் பார்த்தது. வெட்கத்தில், "நீங்க போங்க, நான் திரும்பிப் போறேன்" என்றேன். ஸ்வீப்பராக வந்த பெரியவர் சிரித்தார். "நீங்க திரும்பினா நானும் திரும்பணும். அதனால வாங்க, டியூபை மாத்துவோம்" என்றார். மாற்றக் கற்றுக்கொடுத்தார். மேட்டின் உச்சியில் பதினெட்டுப் பேர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

பள்ளியில் அப்படி யாராவது எனக்காக நின்றிருந்தார்களா என்று யோசித்துப் பார்த்தேன்.

கோலாலம்பூரில் பிறந்த பழக்கம்

இந்த ஏற்பாடு வெளிநாட்டு மோகம் என்று தள்ளிவிட வேண்டாம். இதன் ஒரு வேர் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1938-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் கிஸ்பர்ட் என்ற ஆங்கிலேயரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து ஓட்டக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். அதுதான் ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ். இன்று உலகம் முழுவதும் அதற்குக் கிளைகள் உண்டு. ஒருவர் முன்கூட்டியே போய் காகிதத் துண்டுகளைப் போட்டுப் பாதை அமைப்பார். மற்றவர்கள் அதைத் தேடிக்கொண்டு ஓட வேண்டும்.

அந்த விளையாட்டில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஆங்காங்கே பாதை திடீரென்று நின்றுபோகும். பொய்ப் பாதைகளும் இருக்கும். வேகமாக ஓடுகிறவர்கள் நாலாபக்கமும் ஓடி உண்மைப் பாதையைத் தேடுவார்கள். அதற்குள் மெதுவாக வருகிறவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். கண்டுபிடித்தவன் குரல் கொடுப்பான். கூட்டம் மறுபடி ஒன்றாகக் கிளம்பும். கெட்டிக்காரனின் கெட்டிக்காரத்தனம் கூட்டத்துக்கு வழி தேடித் தரப் பயன்படுகிறது.

அதே முறையை மிதிவண்டிக்குக் கொண்டுவந்ததுதான் கோலாலம்பூர் மவுண்டன் பைக் ஹாஷ். பல ஆண்டுகளாகத் தலைநகரைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் அவர்கள் பயணம் நடத்தி வருகிறார்கள். மலை மிதிவண்டி என்ற வண்டி உருவானது 1970-களில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில். பழைய கனத்த சைக்கிள்களுக்குத் தடித்த டயர் போட்டு மலைப்பாதையில் இறங்கி விளையாடிய இளைஞர்கள் அதை உருவாக்கினார்கள். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டாகிவிட்டது.

ஆனால் தடித்த டயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே செம்மண் பாதையில் சைக்கிள் மிதித்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். இருள் பிரியாத நேரத்தில் பெரட்டுக்குப் போவார்கள். கிராணி பெயர் கூப்பிடுவார். பிறகு அவரவர் நிரைக்குப் போய் மரம் வெட்டி, பால் எடுத்து, வாளிகளைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு மேடும் பள்ளமுமாக ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். அதில் விளையாட்டு இல்லை, பிழைப்பு இருந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நின்று தலை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரட்டுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. அன்று வராதவனுக்குப் பேராக் கூலி போகும். இன்று வராதவனைத் தேடிக்கொண்டு ஒருவர் திரும்பிப் போவார்.

பின்னால் யாரும் இல்லாத கூட்டம்

2017 பிப்ரவரி 18-ஆம் நாள். ஜொகூர் பாருவில் அதிகாலை 3 மணிக்கு மேல், இருண்ட பெருஞ்சாலையில் சைக்கிளில் சென்றுகொண்டிருந்த பிள்ளைகள் மீது ஒரு கார் மோதியது. 8 பேர் இறந்தார்கள். எல்லாரும் 13 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள். லாஜாக் என்று சொல்லப்படும், மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள்களைப் பற்றி நாடே பேசியது. ஓட்டுநர்மீது குற்றமா, பெற்றோர்மீது குற்றமா என்று ஆண்டுக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது.

அந்தப் பிள்ளைகள் எந்த இனம் என்பது இங்கே பேச்சில்லை. அவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது என்பதே பேச்சு. நண்பர்கள், வேகம், "நானும் ஓர் ஆள்" என்ற பெருமை. பதினைந்து வயதில் யாருக்குத்தான் இவை வேண்டாம்? கடை வாசலில் இருந்த நம் பையன்களுக்கும் இவைதாம் வேண்டும். 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் கிடைத்துவிடுகிறது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். அவர்களில் எத்தனை பேர் நமக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் என்று ஒவ்வொரு தாமானிலும் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளிடம் "போகாதே" என்று மட்டும் சொல்வது பலிக்காது. "இங்கே வா" என்று காட்ட ஓர் இடம் வேண்டும். அதிகாலை மூன்று மணிக் கூட்டத்துக்கும் ஞாயிறு காலை ஏழு மணிக் கூட்டத்துக்கும் ஆசையில் வித்தியாசம் இல்லை, அமைப்பில்தான் வித்தியாசம். ஒன்றில் வெளிச்சம், பிரேக், தலைக்கவசம், எண்ணிக்கை, ஸ்வீப்பர் எல்லாம் இருக்கின்றன. மற்றொன்றில் பின்னால் யாரும் இல்லை.

மதிப்பெண்ணுக்கு அப்பால்

இது கல்விப் பக்கம். "இதில் படிப்பு எங்கே இருக்கிறது?" என்று பெற்றோர் கேட்பது நியாயம்.

பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மெரிட் கணக்கில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் என்று மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்த 10 விழுக்காட்டுக்காக மட்டும் சைக்கிளில் ஏறாதீர்கள். உடம்புக்காக ஏறுங்கள். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலை நன்றாக அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி, டியூசன், கைப்பேசி என்று போகும் நாளில் அந்த 60 நிமிடம் எங்கே என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

கண்ணால் படிக்கும் பாடமும் இருக்கிறது. செம்பனை நிரைகளுக்கு நடுவே கம்பத்தில் ஒரு மரப்பெட்டி நிற்கும். அது கூகை குடியிருக்க வைத்த பெட்டி. எலிக்கு நஞ்சு வைப்பதற்குப் பதிலாகக் கூகையை வளர்ப்பது நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் உள்ள வழக்கம். உயிரியல் புத்தகத்தில் உள்ள உணவுச் சங்கிலி அங்கே தலைக்கு மேல் இருக்கிறது. சரிவில் படிக்கட்டுபோல் மண் வெட்டியிருப்பதைப் பார்த்தால் மழைநீர் மண்ணை அரிக்காமல் காப்பது எப்படி என்ற புவியியல் புரியும். கியர் மாற்றினால் ஏற்றம் ஏன் இலேசாகிறது என்று யோசித்தால் இயற்பியல் வந்துவிடும்.

வரலாறு இன்னும் கிட்டே இருக்கிறது. லுக்குட்டில் ஒரு குன்றின்மேல் ராஜா ஜுமாத் 1847-இல் கட்டிய கோட்டையின் எச்சங்கள் இருக்கின்றன. ஈயம் இந்த ஊரை வளர்த்த காலம் அது. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது 1891-இல். ஈயத்துக்குப் பின் ரப்பர், ரப்பருக்குப் பின் செம்பனை. ரப்பரோடு வந்தவர்கள் நம்மவர்கள். லின்சம், சுவா பெத்தோங் போன்ற தோட்டப் பெயர்களை இன்றும் நம் தமிழ்ப்பள்ளிகள் சுமந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அந்தப் பெயருக்குரிய மண்ணை மிதித்த மாணவர் எத்தனை பேர்? மக்கள் தாமானுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். லயன் வீடுகள் பல இடங்களில் இல்லை. ஒரு கோயில், ஒரு பழைய கிணறு, புதர் மண்டிய இடுகாடு இவையே சில தோட்டங்களில் மீதி. சைக்கிளில் போனால் இவற்றின் பக்கத்தில் நிற்கலாம், காரில் போனால் தாண்டிவிடுவோம்.

கோலாலம்பூரின் புக்கிட் கியாராவைப் பாருங்கள். நாட்டின் புகழ்பெற்ற மலை மிதிவண்டிப் பாதைகளில் பல அங்கே உள்ளன. தன்னார்வலர்கள் மண்வெட்டி எடுத்து உருவாக்கிப் பராமரித்த பாதைகள் அவை. அந்தக் குன்றும் ஒருகாலத்தில் ரப்பர் தோட்டம்தான். அங்கே உழைத்தவர்களின் குடும்பங்கள் 1980-களிலிருந்து பக்கத்திலேயே நீண்ட வீடுகளில் தங்கி, சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்தன. பாதையில் ஓட்டுகிறவனுக்கு இந்தக் கதையும் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல நம் பிள்ளை ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்தால் நல்லது.

"நடக்கிற காரியமா இது?"

மூன்று மறுப்புகளை நான் அடிக்கடி கேட்கிறேன். மூன்றிலும் உண்மை இருக்கிறது.

முதலாவது பணம். நல்ல மலை மிதிவண்டி ஆயிரம் வெள்ளியைச் சுலபமாகத் தாண்டும். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் குடும்பம் அதற்கு எங்கே போகும்? ஆளுக்கொரு சைக்கிள் வேண்டும் என்று நினைத்தால் நடக்காது. பழைய வண்டிகள் ஆறு வாங்கிப் பொதுவில் வைத்தால் மாதத்தில் இருபது பிள்ளைகள் மாறி மாறி ஓட்டலாம். 1960-இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில்தான் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டம் வாங்கிய சமூகத்துக்கு ஆறு சைக்கிள் மலைப்பல்ல. ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது: தலைக்கவசம் ஒவ்வொருவருக்கும் அளவானதாக, உடையாததாக இருக்க வேண்டும்.

இரண்டாவது அனுமதியும் ஆபத்தும். தோட்டம் தனியார் நிலம். தாத்தா உழைத்த மண் என்பதற்காகக் கேட்காமல் நுழைய முடியாது. பள்ளியோ மன்றமோ தோட்ட அலுவலகத்துக்கு முறையாகக் கடிதம் எழுதி, நாள், நேரம், எண்ணிக்கை, பொறுப்பாளர் பெயர் எல்லாம் கொடுத்து அனுமதி பெற வேண்டும். குலை ஏற்றிவரும் டிராக்டருக்கும் லாரிக்கும் ஒதுங்கி நிற்க வேண்டும். வேலை செய்கிறவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர்கள் எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும், நம் தாத்தா செய்த வேலையைத்தான் செய்கிறார்கள். மழை பெய்த மறுநாள் செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும், அன்று ஒத்திவைப்பது கோழைத்தனம் ஆகாது. ஏழு மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறும் முன் பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

மூன்றாவது மறுப்பைச் சொல்வது பெண்பிள்ளைகளின் பெற்றோர். "பொம்பளைப் பிள்ளையை எப்படித் தோட்டத்துக்குள்ள அனுப்புறது?" என்கிறார்கள். அந்தப் பாட்டி அதிகாலை இருட்டில் தனியாக நிரைக்குப் போய் மரம் வெட்டிய தோட்டம்தான் அது. அச்சத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அம்மாவோ அத்தையோ ஆசிரியையோ கூட வரட்டும். பொறுப்பாளர்களில் ஒரு பெண் இல்லாமல் பயணம் இல்லை என்பதை விதியாகவே வைக்கலாம். அமெரிக்காவில் 2001-இல் வட கலிபோர்னியாவின் உயர்நிலைப் பள்ளிகளில் சிறிதாகத் தொடங்கிய மலை மிதிவண்டி இயக்கம், 2009-இல் தேசிய அமைப்பாகவே வளர்ந்தது. பயிற்சி பெற்ற பெரியவர்கள் உடன் ஓட்டுவதுதான் அதன் அடிப்படை. பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டு அது வளரவில்லை.

யாரை எண்ணாமல் விட்டோம்?

இதற்காகப் புதிதாக ஒரு சங்கம் தேவையில்லை. லுக்குட், போர்ட்டிக்சன் சுற்றுவட்டாரத்தில் உள்ள இடைநிலைப்பள்ளிகளும், மணிமன்றங்களும், ஆலய இளைஞர் பிரிவுகளும் ஏற்கனவே இருக்கும் மிதிவண்டி மன்றங்களிடம் பேசலாம். "எங்கள் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மாதம் ஒரு பயணம் நடத்தித் தருவீர்களா?" என்று கேட்டால், எனக்குத் தெரிந்த மிதிவண்டிக்காரர்களில் பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். முதல் பயணம் பத்து கிலோமீட்டர் போதும். கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது ஸ்வீப்பராக வரட்டும். அண்ணன் ஒருவன் தன் பின்னால் வருகிறான் என்பது பதினாறு வயதுப் பையனுக்குப் பெரிய தெம்பு.

இனி, நான் முதலில் சொன்ன அந்தப் பெரிய காரணத்துக்கு வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். முடிவு வந்ததும் அதிக 'ஏ' எடுத்த பிள்ளைகளுக்கு மாலை போடுகிறோம், படம் போடுகிறோம். போட வேண்டியதுதான், அவர்கள் மேட்டின் உச்சிக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்கள். ஆனால் ஆறாம் ஆண்டுக்குப் பிறகு புகுமுக வகுப்பில் தடுமாறியவன், படிவம் 3-இல் காணாமல் போனவள், தேர்வுக்கே உட்காராதவன் ஆகியோரை எண்ணுவதற்கு நம்மிடம் யார் இருக்கிறார்கள்? பாதை பிரியும் இடத்தில் நாம் நின்று எண்ணினோமா? நம் சமூகத்தில் முன்னால் போகத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், ஸ்வீப்பர்தான் குறைவு.

ஒரு சைக்கிள் பயணம் இதையெல்லாம் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை அது ஒரே காலைப் பொழுதில் உடம்புக்குக் கற்றுக்கொடுக்கிறது. அந்தப் பழக்கம் வகுப்பறைக்குள் வந்தால், கணிதத்தில் முந்திய மாணவன் பின்தங்கியவனுக்காக ஒரு மாலை நேரத்தை ஒதுக்குவான். அவனை அப்படிச் செய்ய வைக்கும் போதனை நூறு மேடைகளில் கிடைக்காது.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேலை. இந்த வாரம் உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ அவர்கள் வேலை செய்த நிரை, பெரட்டு நடந்த இடம், கோயில் இருந்த மேடு இவற்றைக் கேட்டு ஒரு தாளில் வரைபடம் போட்டு வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் முதல் பயணத்தின் பாதை.

கடையில் என்னிடம் கேள்வி கேட்ட தம்பிக்கு அன்று சரியான பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். அடுத்த மாதப் பயணத்துக்கு என் பழைய வண்டியைத் துடைத்து, பிரேக் மாற்றி வைத்திருக்கிறேன். அவன் வந்தால் அதை அவனுக்குக் கொடுத்துவிட்டு, நான் பின்னால் வருவேன்.